அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டும் படங்கள்: எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நண்பர்கள் சிலர் சேர்ந்து லாப நோக்கம் இல்லாத ஓர் அறக்கட்டளை ஆரம்பிக்கப் போகிறார்கள். வேறு மதம், வேறு சாதி, வேறு மொழி, வேறு நாட்டுக் குழந்தைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காட்டும் சிறு படங்கள் எடுப்பது அவர்கள் திட்டம். “படம் காட்டுவதால் நிஜமாகவே ஏதாவது மாறுமா? மாறும் என்றால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள்.

மாறும். அதற்கு ஆதாரம் இருக்கிறது. அதே நேரத்தில், நல்ல மனதோடு எடுத்த படங்களில் எத்தனையோ எந்தப் பலனும் இல்லாமல் போயிருக்கின்றன. சில படங்கள் தலைகீழான பாடத்தையே பிள்ளைகள் மனதில் பதித்திருக்கின்றன. எங்கே இந்த வித்தியாசம் வருகிறது என்பதை, இந்த வேலையில் மிக நீண்ட அனுபவம் உள்ள ஓர் அமைப்பை வைத்துச் சொல்வதுதான் நல்லது. நியூயார்க்கில் இருக்கும் செசமி வொர்க்‌ஷாப் அது. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற பொம்மைத் தொடரை எடுப்பவர்கள். அதை வெறும் ஏ-பி-சி-டி நிகழ்ச்சி என்று நினைப்பவர்கள் நிறைய. நான் இந்தத் துறையில் படித்தவற்றிலேயே அதிகம் கற்றுக்கொடுத்தது அவர்களுடைய வெற்றிகளும் சறுக்கல்களும்தான். சறுக்கல்களையும் அவர்களே ஆய்வு செய்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள்மேல் எனக்கு மரியாதை வர ஒரு காரணம்.

முதலில் ஆதாரம். 2013-இல் மேரி-லூயிஸ் மேர்ஸ், ஸோங்டாங் பான் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்தத் தொடரின் பல நாட்டு வடிவங்களைப் பற்றிய 24 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 15 நாடுகள், 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். எழுத்தும் எண்ணும் ஒன்று, உடல்நலம் முதலான உலக அறிவு ஒன்று, பிற குழுவினரைப் பற்றிய மனப்பான்மை ஒன்று என மூன்றாகப் பிரித்துப் பார்த்ததில், மூன்றிலும் பலன் தெரிந்தது. மலையைப் புரட்டும் பலன் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகமில்லாமல் தெரியும் அளவுக்கு இருந்தது. ஆகவே “டிவி பார்த்தா திருந்தப் போகுது?” என்று யாராவது கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

இந்த அமைப்பு தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966-இல் ஜோன் கான்ஸ் கூனி என்ற டிவி தயாரிப்பாளரும், கார்னகி அறக்கட்டளையில் இருந்த லாயிட் மோரிசெட் என்ற உளவியலாளரும் ஒரு விருந்தில் பேசிக்கொண்டதில் விதை விழுந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன்பே பின்தங்கிவிடுகிறார்கள். எல்லா வீட்டிலும் டிவி இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்பது யோசனை. கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் அமெரிக்க அரசின் கல்வி அலுவலகமும் மற்றவர்களும் சேர்ந்து ஏறக்குறைய 80 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1969 நவம்பர் 10 அன்று முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

எழுத்தும் எண்ணும்தான் வெளியே சொன்ன நோக்கம். உள்ளே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நடப்பது நியூயார்க்கின் ஒரு சாதாரணத் தெருவில். அங்கே கார்டன், சூசன் என்ற கறுப்பினத் தம்பதி இருக்கிறார்கள். மூலையில் ஹூப்பர் என்ற வெள்ளைக்காரப் பெரியவரின் கடை. பக்கத்து வீட்டுக்காரர்களாக எல்லாரும் புழங்குகிறார்கள். “நாம் எல்லாரும் சமம்” என்று யாரும் நின்று பிரசங்கம் செய்யவில்லை. ஆலோசகர்களில் ஒருவரான ஹார்வர்டு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் இதில் மிகத் தெளிவாக இருந்தார். கறுப்பினக் குழந்தை டிவியில் தன்னைப் போன்றவர்களை மரியாதையோடு பார்க்க வேண்டும். வெள்ளைக் குழந்தையும் அதே காட்சியை இயல்பாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் அக்கறை.

இது எவ்வளவு பலமான விஷயம் என்பதை எதிர்த்தவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். 1970-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப வேண்டாம் என்று வாக்களித்தது. காரணம், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தெருவில் கலந்து வாழ்வதாகக் காட்டுவது. செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் 22 நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த நிகழ்ச்சியில் இனவெறியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒரு கடைக்காரர், ஒரு தம்பதி, சில பொம்மைகள், அவ்வளவுதான். சேர்ந்து வாழ்வதை இயல்பான காரியமாகக் காட்டியதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. உங்கள் படத்துக்கும் பலம் அங்கேதான் இருக்கிறது. வசனத்தில் வைக்கும் உபதேசத்தைவிட, பின்னணியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

அவர்களும் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. சூசனை வீட்டோடு இருக்கும் மனைவியாகக் காட்டியதைப் பெண்ணியவாதிகள் கண்டித்தார்கள். பிறகு அவர் நர்ஸ் வேலைக்குப் போனார். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டார்கள். 1971-இல் மரியா, லூயிஸ் என்ற பாத்திரங்கள் வந்தன. ரூஸ்வெல்ட் ஃபிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவன் பொம்மை வந்தது. அதை உருவாக்கிக் குரல் கொடுத்த மேட் ராபின்சன், கார்டனாக நடித்த அதே கறுப்பின நடிகர். அப்படியிருந்தும், அவன் பேச்சும் அவனுடைய அடங்காத வகுப்பறையும் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய பழைய பிம்பத்தையே திரும்பக் காட்டுகிறது என்று கறுப்பினப் பெற்றோர்களே வருத்தப்பட்டார்கள். எழுபதுகளின் நடுவில் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அந்தச் சமூகத்து அம்மாக்களும் அப்பாக்களும் படம் முடியும் முன்பே பார்த்து, “இது நாங்கள் இல்லை” என்று சொல்ல ஓர் இடம் இருக்க வேண்டும். அவர்கள் சொன்னால் காட்சியை வெட்டும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

இனி இந்த பதிலின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

1990-ஐ ஒட்டி, அமெரிக்காவில் இனப் பகைமை மறுபடி தலைதூக்கிய நேரத்தில், செசமி குழு நான்கு வருடத் திட்டம் ஒன்றைப் போட்டது. இனி மறைமுகமாக மட்டும் அல்லாமல், வேற்றுமையைப் பற்றி நேராகவே பேசலாம் என்று முடிவெடுத்தார்கள். எடுப்பதற்கு முன் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் போனார்கள். பொம்மை வீடுகளையும் ஆட்களையும் கொடுத்து, “ஒரு ஊரை அமைத்துக் காட்டு” என்றார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லாரையும் சேர்த்து வைத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீடு, பள்ளி, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். இத்தனைக்கும், “வேறு நிறத்துப் பிள்ளையோடு சிநேகமாக இருப்பாயா?” என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இருப்போம் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு ஒரு சிறு படம் எடுத்தார்கள். ஒரு வெள்ளைச் சிறுமி, இயெஷா என்ற கறுப்பினச் சிறுமியின் வீட்டுக்கு விளையாடப் போகிறாள். சந்தோஷமான படம். அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்த இரண்டு பேருடைய அம்மாக்களும் இதைப் பற்றி என்ன நினைப்பார்கள்? படத்தில் யாரும் முகம் சுளிக்கவே இல்லை. ஆனாலும் அம்மாக்களுக்கு இதில் சந்தோஷம் இருக்காது, வருத்தமோ கோபமோதான் இருக்கும் என்று கணிசமான பிள்ளைகள் நினைத்தார்கள். அந்த ஆய்வில் ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த ஆலோசனை, பெற்றோரைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள் என்பதுதான். போகும் முன் தன் அம்மா மனதார அனுப்புவதை, அங்கே போனதும் அந்த வீட்டு அம்மா வரவேற்பதை, திரும்பி வந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்பதைக் காட்டுங்கள் என்றார்கள்.

நம் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. யார் வீட்டுக்குப் போகலாம், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா கதவருகே நின்று பேசி அனுப்பிவிட்டாளா, உள்ளே கூப்பிட்டாளா என்பதைப் பார்த்தே பிள்ளை கற்றுக்கொள்கிறது. பிள்ளைக்கு அடுத்தவன்மேல் வெறுப்பு இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. “எங்கள் வீட்டில் இது ஆகாது” என்ற நினைப்பு ஒன்றே போதும், இரண்டு பேரும் சேர்ந்து விளையாடாமல் போக.

2000-களில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் பிர்கிட்டே விட்ரப் என்ற ஆய்வாளர் செய்த சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஐந்திலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் உள்ள வெள்ளைக் குடும்பங்கள். சிலருக்குப் பல இனப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் வீடியோக்களை மட்டும் கொடுத்தார். சிலரிடம் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிள்ளையோடு இனத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார். சிலரிடம் வீடியோ இல்லாமல் பேச மட்டும் சொன்னார். வீடியோ மட்டும் பார்த்த பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் இல்லை. பேசச் சொன்ன பெற்றோர்களிலும் பெரும்பாலோர் பேசவில்லை. “எல்லாரும் சமம் கண்ணு” என்று ஒரு வார்த்தையில் தாண்டிப்போனார்கள். அந்தப் பிள்ளைகளிடம், “உன் அப்பா அம்மாவுக்குக் கறுப்பினத்தவரைப் பிடிக்குமா?” என்று கேட்டபோது பலர் தெரியாது என்றார்கள். சிலர் பிடிக்காது என்றே சொல்லிவிட்டார்கள். தாராள மனதுள்ளவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் இவர்கள். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் பிள்ளைகள் அந்த மௌனத்துக்குத் தாங்களாகவே ஒரு அர்த்தம் கொடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கருத்து உங்களுக்குப் புரிந்திருக்கும். பிள்ளையின் மனதுக்குள் இருக்கும் நம்பிக்கையைப் படம் நேராக மாற்றுவது கடினம். “எங்களைப் போன்றவர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள், இதற்கு அனுமதி உண்டு” என்ற எண்ணத்தைப் படத்தால் மாற்ற முடியும். அதைக் குறிவைத்து எடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்திலும் இதுவேதான். ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலைக்கு ஒரு வானொலி நிலையமே தூபம் போட்டது. பத்து வருடம் கழித்து, 2004-இல், லா பெனவோலென்சியா என்ற டச்சு தொண்டு நிறுவனம் அதே வானொலி ஊடகத்தில் ‘முசெகெவேயா’ என்ற தொடர் நாடகத்தைத் தொடங்கியது. பகை கொண்ட இரண்டு கற்பனைக் கிராமங்கள், நடுவில் ஒரு காதல் ஜோடி. அந்த நாட்டின் இரண்டு இனங்களான ஹுட்டு, டுட்சி என்ற பெயர்களைச் சொல்லவே இல்லை. எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் ஒரு வருடம் இதை ஆராய்ந்தார். சில ஊர்களுக்கு இந்த நாடகம், சில ஊர்களுக்கு உடல்நலம் பற்றிய வேறொரு நாடகம் என்று குலுக்கல் முறையில் பிரித்து, மக்களைக் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்கச் செய்தார். 2009-இல் வெளியான முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் தன் பிள்ளைகளைத் தன் இனத்திலேயே கட்டிக்கொள்ளச் சொல்வது சரியா, கூட்டத்தில் மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்லலாமா என்பது போன்ற சமூக நடைமுறை பற்றிய எண்ணங்கள் மாறியிருந்தன. நடத்தையும் மாறியிருந்தது. கடைசியில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ரேடியோவும் நாடக கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் ஊர்த் தலைவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். முசெகெவேயா கேட்ட ஊர்களில் யார் வைத்துக்கொள்வது, எப்படிப் பங்குபோடுவது என்று விவாதித்து, சேர்ந்து பொறுப்பேற்க முடிவு செய்தார்கள். கூட்டமாக உட்கார்ந்து கேட்டதும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எங்கே சிரிக்கிறார், எங்கே கண் கலங்குகிறார் என்பதும் ஒரு செய்திதானே.

சரி, அடுத்தது எச்சரிக்கை. சகிப்புத்தன்மையைச் சொல்லிக்கொடுக்க நினைத்த ஒரு கார்ட்டூன் எபிசோட் என்ன செய்தது என்று மேர்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2008-இல் ஆராய்ந்தார்கள். கிளிஃபோர்டு என்ற பெரிய சிவப்பு நாயின் தொடர் அது. புதிதாக வரும் மூன்று கால் நாயைப் பார்த்து மற்ற நாய்கள் தயங்கி, பயந்து ஒதுங்குகின்றன, கடைசியில் நண்பர்களாகிவிடுகின்றன. பார்த்த ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, உடல் குறை உள்ள மனிதர்களை எப்படி நடத்த வேண்டும் என்ற பாடம் போய்ச் சேரவே இல்லை. மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அந்தப் பயமும் ஒதுக்கலுமே மனதில் தங்கிவிட்டன. எட்டு நிமிடம் கேலியும் ஒதுக்கலும், கடைசி ஒரு நிமிடம் மனமாற்றம் என்ற கதை அமைப்பு பெரியவர்களுக்குச் சரிப்படும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தானது. அவர்கள் எட்டு நிமிடத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். அதுவரை கேள்விப்படாத ஒரு வசைச்சொல்லை உங்கள் படமே முதன்முதலாகக் கற்றுக்கொடுத்துவிடக் கூடும். ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இருப்பதைக் காட்டுங்கள். மிருகங்களை வைத்துக் குறியீடாகச் சொல்வதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். மனிதர்களைப் பற்றியது என்றால் மனிதர்களையே காட்டுங்கள்.

வெவ்வேறு நாடுகளுக்குப் போனபோது செசமி அமைப்பு கற்றுக்கொண்டது இன்னொரு விஷயம். 1993-இல் இஸ்ரேலும் பாலஸ்தீனமும் செய்துகொண்ட ஆஸ்லோ சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, இஸ்ரேலியக் குழுவும் பாலஸ்தீனக் குழுவும் சேர்ந்து ஒரு தொடர் எடுக்க முயன்றார்கள். எல்லாரும் ஒரே தெருவில் வாழ்வது போல் காட்டலாம் என்ற யோசனையைப் பாலஸ்தீனத் தரப்பு ஏற்கவில்லை. அப்படி ஒரு தெரு நிஜத்தில் எங்கே இருக்கிறது, இல்லாததை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டு தெருக்கள் அமைந்தன. ஒரு தெருவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் அழைப்பு வேண்டும். விருந்தாளியாகத்தான் போக முடியும். 1998-இல் ஒளிபரப்பானது. நான்கு மாதம் கழித்து எடுத்த ஆய்வில், பார்த்த பிள்ளைகள் எதிர்த்தரப்பாரைப் பற்றி நல்ல குணங்களை அதிகம் சொன்னார்கள். சண்டைகளுக்கு இணக்கமான தீர்வுகளை யோசித்தார்கள். பாலஸ்தீனப் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பண்பாட்டின் அடையாளங்களையும் முன்பைவிட நன்றாகச் சொன்னார்கள். 2000-இல் இரண்டாம் இன்திஃபாதா என்ற பாலஸ்தீனக் கிளர்ச்சி வெடித்த பிறகு அந்தச் சந்திப்புக் காட்சிகள் தொடர முடியவில்லை. அடுத்த வடிவத்தில் இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான் மூன்றும் தனித்தனியாகவே எடுத்தன. அரசியல் உடைந்த இடத்தைப் படத்தால் ஒட்டவைக்க முடியாது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

கொசோவோவில் 2004-இல் வந்த சிக்கல் எழுத்தைப் பற்றியது. அங்கே பகை கொண்ட இரண்டு தரப்பில் அல்பேனியர்கள் எழுதுவது லத்தீன் எழுத்தில், செர்பியர்கள் எழுதுவது சிரிலிக் எழுத்தில். எந்த எழுத்தைத் திரையில் காட்டினாலும் மறு தரப்புப் பெற்றோர் டிவியை அணைத்துவிடுவார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பிறந்த ஒரு தொடர் அங்கே எழுத்தையே கைவிட்டது! ஒரு பொருளைக் காட்டுவார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் மொழியில் அதன் பெயரைச் சொல்வார்கள். ஒரே பொருள், பல குரல்கள். தங்கள் மூல நோக்கத்தையே ஓரமாக வைக்கத் துணிந்த அந்தக் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் 2002-இல் காமி என்ற மஞ்சள் நிறப் பொம்மை வந்தாள். ஐந்து வயது, அம்மா இல்லாதவள், எச்.ஐ.வி. உள்ளவள். அந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்த நோய் இருந்தது. அதைப் பற்றிப் பேச்சு மட்டும் இல்லை. நோயைப் பற்றி வகுப்பெடுக்காமல், காமி ஓடி விளையாடுவதையும், அவளைத் தொடலாம், கட்டிக்கொள்ளலாம் என்பதையும் காட்டினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் இப்படி ஒரு பாத்திரம் தங்கள் நாட்டுக்கு வரக்கூடாது என்று பொதுத் தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். தென்னாப்பிரிக்கக் குழு எடுத்த முடிவில் மாற்றம் இல்லை. எந்த ஊரில் வலி இருக்கிறதோ அந்த ஊர்க்காரர்கள்தான் எதைக் காட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். அண்மையில் அரபு நாடுகளுக்காக 2020-இல் வந்த ‘அஹ்லன் சிம்சிம்’ தொடரிலும் இந்தப் பக்குவம் தெரிகிறது. ஜாத் என்ற பாத்திரம் வேறிடத்திலிருந்து அந்தத் தெருவுக்கு வந்தவன். அகதி என்று அவன்மேல் முத்திரை குத்தவில்லை. சிரியாவிலிருந்து வந்த பிள்ளையும் அவனில் தன்னைப் பார்க்கலாம். இடம் கொடுத்த ஊர்ப் பிள்ளையும் அவனோடு சிநேகமாகலாம்.

இனி உங்கள் வேலைக்கு நேராகப் பயன்படுபவை சில. பண்டிகை, பலகாரம், பட்டுப்பாவாடை என்று ஒரு சமூகத்தைக் காட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ரம்ஜானுக்கு ஒரு படம், கிறிஸ்துமஸுக்கு ஒரு படம், பொங்கலுக்கு ஒரு படம் என்று பட்டியல் போட்டுவிடாதீர்கள். லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1989-லேயே இதைச் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று சொல்லிக் கண்டித்தார். பிள்ளை சுற்றுலாப் பயணி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது; அங்கே இருப்பவர்கள் வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையைக் காட்டுங்கள். பல் தேய்க்க அடம்பிடிப்பது, பால் பொங்கி வழிவது, ஒரு செருப்பு மட்டும் காணாமல் போவது. அந்த வீட்டின் மொழியும் வழிபாடும் சாப்பாடும் தாமாக வந்து போகட்டும்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள். செசமியின் முதல் ஆய்வுத் தலைவர் எட்வர்டு பால்மர் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து ஏழரை நொடிக்கு ஒரு தரம் படம் மாறும்படி செய்தார். பிள்ளையின் கண் எப்போது டிவியை விட்டு அந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொண்டார். 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் இப்படிச் சோதித்தபோதுதான் மனிதர்கள் மட்டும் வரும் தெருக் காட்சிகளில் பிள்ளைகளின் கவனம் சிதறுவது தெரிந்தது. கற்பனைப் பாத்திரங்களையும் நிஜ மனிதர்களையும் கலக்கக் கூடாது என்று அன்றைய நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அதை மீறிப் பொம்மைகளைத் தெருவுக்குள் இறக்கினார்கள். பிக் பேர்டு என்ற பெரிய மஞ்சள் பறவை அப்படிப் பிறந்ததுதான். உங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஓர் அங்கன்வாடியில் பத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, ஒருவர் பிள்ளைகளின் கண்களை மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்தால் போதும். முடிந்ததும் “படம் பிடிச்சிருந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் பிடித்திருந்தது என்றுதான் சொல்லும். “என்ன நடந்தது, நீ சொல்லு” என்று கேளுங்கள். அப்புறம், “அவங்க அம்மா என்ன நினைச்சிருப்பாங்க?” என்று கேளுங்கள்.

கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் திட்டம் வேண்டும். இந்தியாவில் 2006-இல் ‘கலி கலி சிம் சிம்’ வந்தபோது தூர்தர்ஷனிலும் தனியார் சேனல்களிலும் ஒளிபரப்பியதோடு நிற்காமல், குடிசைப் பகுதிகளில் காய்கறி தள்ளுவண்டியில் டிவியை வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். பங்களாதேஷில் ‘சிசிம்பூர்’ தொடரை சைக்கிள் ரிக்‌ஷா வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு எடுத்துப்போனார்கள். யூடியூபில் ஏற்றிவிட்டால் ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ள பெற்றோர்கள் மட்டுமே பார்ப்பார்கள். தெருவில் காட்டினால் அம்மாவும் பாட்டியும் கூட நின்று பார்ப்பார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-இல் பாலஸ்தீனத் தரப்பு ஐ.நா. உறுப்பினர் தகுதி கேட்டதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் உதவித்தொகையை நிறுத்திவைத்தது. அந்த நிதியை நம்பியிருந்த பாலஸ்தீனச் செசமி தொடரின் படப்பிடிப்பு 2012-இல் நின்றுபோனது. பிள்ளைகள் நிகழ்ச்சிக்கும் அந்த அரசியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மறுபக்கம், சிரிய அகதிப் பிள்ளைகளுக்கான வேலைக்கு மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் 10 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த வருடம் லெகோ அறக்கட்டளையும் 10 கோடி டாலர் அறிவித்தது, அதில் ரோஹிங்யா அகதிப் பிள்ளைகளுக்கான வேலையும் அடங்கும். அவ்வளவு பெரிய தொகைகள் ஐம்பது வருடப் பெயருக்குத்தான் கிடைக்கும். நீங்கள் சிறிய அளவில், பல கைகளிலிருந்து திரட்டுங்கள். ஒரே நிறுவனமோ ஒரே அரசுத் துறையோ முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால், எந்தச் சமூகத்தைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும்.

பத்துப் படம் எடுக்க நிதி கிடைத்தால் ஆறு எடுங்கள். மீதியைச் சோதித்துப் பார்க்கவும், திருத்தி மறுபடி எடுக்கவும், ஒவ்வொரு படத்துக்கும் அம்மா அப்பாக்களோடும் அங்கன்வாடி டீச்சர்களோடும் உட்கார்ந்து பேசவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்துக்கு விஷயம் தேடி அலைய வேண்டாம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு விளையாடப் போகிறது. இரண்டு வீட்டு அம்மாக்களும் படம் முழுக்க இருக்கிறார்கள். வந்த பிள்ளை அடுப்படி வரை போகிறது, அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது. அதை எடுத்து, உங்கள் ஊரில் இரண்டு தரப்புப் பெற்றோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்து இரண்டாவது படத்தை எழுதுங்கள்.